பாசிட்டிவ் என்றார் டாக்டர்

ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், இந்த மலையில் துவைத்த துணி காயாது. புதுக்கோட்டை வெயிலில் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் விறைத்துப்போகும் சேலை, மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அடுப்படிக் கம்பியில் நாள்கணக்கில் ஈரமாகத் தொங்கும். அப்படிக் காயப்போடும்போதுதான் அண்ணியின் உள்பாடியில் அந்தக் கறையைப் பார்த்தேன். மார்புக் காம்பு படும் இடத்தில், பழுப்பாய். என் அம்மாவின் ரவிக்கையில் பார்த்த அதே கறை.

ராஜேஸ்வரி அண்ணி என் கணவரின் அக்கா. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இங்கேயே கொழுந்து வெட்டுபவர். "ஒன்னுமில்ல லா, தேயிலைச் சாயம்" என்றார். விடாமல் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். அடுத்த முறை போனபோது மலாய் டாக்டர், "ஹெர்-டூ பாசிட்டிஃப்" என்றார். அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாசிட்டிவ்னா நல்லதுதானே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் பதில் சொல்வதற்குள், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் மலாயில் கேட்டார். "மாக் சாயா." என் அம்மா என்று வாய் முந்திக்கொண்டது. அவர் எழுதினார். அது இவளுடைய அம்மா, இந்தியாவில் என்று அண்ணி திருத்தினார். டாக்டர் சிரித்தபடி எழுதியதை அடித்தார். இரத்த உறவு இல்லையே. அந்த ஒரு கோட்டோடு அம்மா இந்த நாட்டைவிட்டு வெளியேறினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், "நல்லதில்ல அண்ணி" என்றேன். ஊரில் விலங்கியல் படித்தவள் நான். செல்லின் மேல்தோலில் ஹெர்-டூ என்று ஒரு புரதம் இருக்கிறது, வளரச் சொல்லும் சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை, உங்கள் கட்டியில் அது அளவுக்கு மேல் இருக்கிறது என்றேன். அதனால் வேகமாய் வளரும், போனாலும் திரும்பி வரலாம். ஆனால் அந்தப் புரதத்தையே தேடிப் பிடிக்கும் ஊசி இருக்கிறது.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "அது இருக்கறதாலதான் ஊசியும் வேலை செய்யும், அப்படித்தானே?"

"ஆமா அண்ணி."

"அப்ப போடச் சொல்லு. வா, போலாம்."

அம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. பரவிவிட்டது என்ற ஒரு சொல்லோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுடையதும் இதே வகையா, இந்த ஊசிக்குக் கட்டுப்பட்டிருக்குமா என்று இனித் தெரிய வழியில்லை. அண்ணியின் கையில் மருந்து இறங்கும்போதெல்லாம் அது அம்மாவின் கையாகிவிடும். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கப் பயப்படுவேன்.

ஊசிகள் முடிந்துவிட்டன. கட்டி இதுவரை திரும்பவில்லை. "இதுவரை" என்றுதான் டாக்டரும் சொல்கிறார். அண்ணி மறுபடி வேலைக்குப் போகிறார்.

நேற்று அப்பா ஊரிலிருந்து அழைத்தார். அண்ணி நலம் என்றேன். "ஒங்கம்மாவுக்கும் இதேதானாம்மா?" என்றார்.

"தெரியலப்பா."

அவர் போனை வைக்கவில்லை. ஒரு காதில் அவர் மூச்சு. மறுகாதில், சரிவுக்குக் கீழே யாரையோ கேலி செய்து அண்ணி சிரிக்கும் சத்தம். எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தேன்.