ஏழாவது கெம்பு

எங்கள் பட்டறையில் கல் விழுந்தால் யாரும் அசையக் கூடாது. மடக்கிய கால் மடக்கியபடியே இருக்க வேண்டும். தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். கல்லைத் தவறவிட்டவர் மட்டும் மெல்ல நகர்ந்து தேடுவார். கடுகில் பாதி அளவுக் கல் யார் பாதத்திலாவது ஒட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டால், அப்புறம் அழுது என்ன பயன்?

நான் கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பலகைத் தரை வீடு, முன் அறைதான் பட்டறை. என் வீட்டுக்காரர் நகைக்குக் கல் கட்டுகிறவர். அவருடைய அக்காவும் எங்களோடு இருந்தார். இளம் வயதில் புருஷனை இழந்து, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் காப்பி கொண்டுபோன நேரத்தில் என் வீட்டுக்காரர் கையிலிருந்து கல் தெறித்தது. "அங்கேயே நில்லு" என்றார். நின்றேன். தம்ளர் விரலைச் சுட்டது. கல்லை எடுத்துவிட்டு நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"சுட்டா கீழ வச்சிருக்கலாமே?"

"அசையாதேன்னது யாரு?"

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் செலையா நில்லுங்க. இங்க சோறு தீயுது."

தேடுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. விளக்கைத் தரையோடு தரையாக வைத்து, கன்னத்தைப் பலகையில் ஒட்டிப் பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் தூசிதான் தெரியும். படுத்துப் பார்த்தால் கல் மினுங்கும். குச்சி முனையில் தேன்மெழுகை உருட்டிவைத்து அதால் ஒற்றி எடுக்க வேண்டும். விளக்குமாற்றை வாசல் பக்கம் தள்ளவே கூடாது, மூலையிலிருந்து நடுவுக்குத்தான் கூட்ட வேண்டும். கூட்டிய தூசியைத் தண்ணீரில் அலசினால் குப்பை மிதக்கும், கல் அடியில் தங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் எனக்குத் திணறும். கல் தேடுவதில் அந்தப் பட்டறையில் என் கண்ணுக்கு மிஞ்சிய கண் கிடையாது. அவரே அப்படித்தான் சொல்வார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு நகை செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. இருப்பதைப் புதைத்து வைத்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். சும்மா இருக்க அவருக்குக் கை வராது. என் ஏழு கல் தோடு ஜோடியில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிரித்தார். கல் எல்லாம் லேசாக ஆடுகிறதாம், புதிதாகக் கட்டித் தருகிறாராம்.

"ஊரே காதுல ஓலை போட்டுக்கிட்டுத் திரியுது. எனக்கு எதுக்குத் தோடு?" என்றேன்.

"வீட்டுக்குள்ள போட்டுக்க. நான் பாத்தாப் போதும்."

ஏழு சிவப்புக் கெம்புக் கல்லும் அவர் மடித்துணியில் இருந்தபோதுதான் லோரி வாசலில் நின்றது. சிப்பாய் உள்ளே வந்தால் எழுந்து குனிய வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அறைதான். பட்டறைக்காரன் மடியை உதறிப் பார்க்காமல் எழுந்திருக்கவே மாட்டான். அன்று அவர் எழுந்தார். குனிந்தார். கல்லெல்லாம் சிதறி ஓடிய சத்தம் என் காதில் விழுந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்திருந்தார்கள். சட்டையை மாட்டிக்கொள்ளவாவது விட்டார்களே, அதுவே பெரிது. வாசலைத் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "கல்லு பத்திரம். வந்து கட்டித் தர்றேன்" என்றார். நான் இருந்த இடத்திலேயே நின்றிருந்தேன். லோரி போன பிறகும் நின்றிருந்தேன். அக்கா வந்து தோளைத் தொட்டபோதுதான் உட்கார்ந்தேன்.

ஆறு கல் கிடைத்தது. ஒன்று பாய் மடிப்பில், ஒன்று உலைக்குப் பக்கத்துச் சாம்பலில், மற்றவை மூலை முடுக்கில். ஏழாவது கிடைக்கவில்லை. தினமும் காலையில் வெயில் சரிந்து உள்ளே விழும் நேரம் பார்த்துத் தரையில் படுத்துத் தேடுவேன். தேடுகிற நேரத்தில் அவர் பக்கத்திலேயே இருந்து, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் பார் என்று சொல்வது போல இருக்கும். அதற்காகவே விடியட்டும் என்று காத்திருப்பேன்.

சண்டை முடிந்து சயாமுக்குப் போனவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஸ்டேஷனுக்குப் போய்ப் போய் நின்றேன். அவரோடு ஒரே கொட்டகையில் படுத்திருந்த ஒருவர் வீடு தேடி வந்தார்.

"காய்ச்சலாக் கெடந்தாரும்மா. எங்கள வேற எடத்துக்கு ஓட்டிட்டானுங்க. அப்புறம் நான் பாக்கல" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

கிள்ளானிலிருந்து என் வீட்டுக்காரரின் பெரியப்பா வந்தார். காரியம் செய்ய வேண்டும், தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்.

அக்காவும், "எத்தன நாளுடி இப்படியே இருப்ப? நடக்கிறது நடக்கட்டும்" என்றார்.

"பிரிச்ச தோடு அப்படியே கெடக்கு மாமா. ஏழாவது கல்லு கெடைக்கட்டும். அன்னைக்கு நீங்க சொல்றத கேக்குறேன்."

"கல்லுக்கும் மனுஷன் உசுருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே கிள்ளானுக்குப் பஸ் ஏறினார்.

அடுத்த வாரமே கல் கிடைத்தது. கல் ஓடிவிடக் கூடாதென்று பலகை இடுக்குகளில் சிவப்பு அரக்கு அடைத்திருப்போம். அது காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. சன்னலோரத்து இடுக்கில் உதிர்ந்த துணுக்குகளோடு சிவப்பாக ஒன்று கிடந்தது. மெழுகில் ஒற்றி எடுத்தேன். உள்ளங்கையில் வைத்ததும் தெரிந்துவிட்டது, அரக்கு இப்படிச் சில்லிடாது. இவ்வளவு நாள் தேடியது, கிடைக்காமலே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஆனாலும் மறைக்கவில்லை. எழுந்துபோய் அக்காவிடம் நீட்டினேன்.

அவர் பட்டறையில் பிறந்து வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டே எது கல், எது கண்ணாடி என்று சொல்வார். கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலிடுக்கில் உருட்டினார்.

"இது அரக்குடி" என்றார்.

"கையில சில்லுன்னு இருக்கேக்கா."

"அரக்குன்னு சொல்றேன்ல? உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. போ, நல்லாத் தேடு."

அரக்குத் துணுக்கை யாரும் முந்தானையில் முடிந்து வைப்பதில்லை. அக்கா முடிந்து, முடிச்சை இறுக்கி, இடுப்பில் செருகிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் போனார்.

நான் மெழுகுக் குச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தேன்.