முந்தானையில் தைத்த ஸ்கிரீன்

என் ஓரகத்தி புது வீடு கட்டிய நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? காரிமங்கலத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவளுடையது. ஜன்னலுக்கெல்லாம் ஓசூரில் சொல்லித் தைத்த ஸ்கிரீன். அதற்கு மேலே சுருக்கம் வைத்துக் குட்டையாக இன்னொரு துணி தொங்கும். அதற்கு வாலன்ஸ் என்று பெயராம். எங்கள் வீட்டு ஜன்னலிலோ கம்பியில் கோத்த பழைய வேட்டி.

என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மாமியார் சொன்னார்: "சின்னவ வூட்டுல உக்கார வெச்சிடலாம். அங்கதான் பாக்க லட்சணமா இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது.

"எம் பொண்ணு பொறந்து வளந்த வூடு இதுங்க அத்தை. வர்றவங்க இங்கதான் உக்காருவாங்க."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஸ்கிரீன் வாங்கக் கையில் காசு இல்லை. பீரோவில் விசேஷங்களுக்கு வைத்துக் கொடுத்த புடவைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. குடிபுகுந்த அன்று ஓரகத்தி கொடுத்த மயில்கழுத்து நிறப் புடவையைத்தான் முதலில் உருவினேன். அதில் கத்தரிக்கோலை வைத்தபோது மனசுக்கு அப்படியொரு குளிர்ச்சி.

புடவையின் அகலம் ஜன்னல் உயரத்துக்குச் சரியாக இருந்தது. பார்டர் கீழே வரும்படி வைத்து, மேலே கம்பி நுழைய மடித்து அடித்தேன். வேட்டியைக் கிழித்து உள்துணியாகக் கொடுத்தேன். முந்தானையைத் தனியே வெட்டி, சுருக்கம் பிடித்து, வாலன்ஸ் ஆக்கினேன். வழுக்குகிற துணி, மெஷினில் நிற்காமல் ஓடியது. பிரித்துப் பிரித்துத் தைத்தேன். மாட்டிவிட்டுப் பார்த்தால் அவளுடையதைவிட என்னுடையதுதான் அழகு. சத்தியமாக.

வந்தவர்கள் எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். "ஸ்கிரீன் ரொம்ப நல்லாருக்குதுங்க. எங்க எடுத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார், பக்கத்தில் நின்ற ஓரகத்தியைக் காட்டி முந்திக்கொண்டாள். "அட, இது சின்னவ குடிபோனப்ப வெச்சுக் குடுத்த பொடவைங்க! எங்கிட்டயும் இதே மாதிரி இருக்குது."

வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஓரகத்தி ஒரே மாதிரி எடுத்திருந்தது, வெட்டிய வேகத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது.

"நல்ல கலராப் பாத்து எடுத்திருக்கீங்க," என்று அந்தம்மா ஓரகத்தி பக்கம் திரும்பினார். மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

நான் ஓரகத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசையாகக் கொடுத்ததை வெட்டிவிட்டாயே என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்றிருந்தேன்.

அவளோ சிரித்தாள். "பொடவைல என்னங்க இருக்குது? எல்லாம் அக்கா கைதாங்க. எங்க வூட்டு ஸ்கிரீன் இதுக்குக் கிட்டகூட வராது."

அந்தம்மா உருகிப்போனார். "இப்பிடி மனசு இருக்கற சித்தி கையில வளந்த பொண்ணுங்களா? எங்களுக்குச் சம்மதங்க."

என் வீட்டில், என் ஸ்கிரீனுக்கு அடியில், என் மகள் கல்யாணம் முடிவானது. காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றேன். கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைத்தால்தான் என்ன அவள்?