ஆறு விநாடி

என் கைப்பையில் ஒரு ஸ்டாப் வாட்ச் கிடக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக், மூன்று பட்டன். வலது பக்கப் பட்டன் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அதோடு வந்த கயிறு அறுந்துபோனபோது மாமா பச்சை வலை நூலைத் திரித்து முடிச்சுப் போட்டு மாட்டினார். கடலூர் முதுநகரில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்கு அவரிடம் மிச்சமிருந்தது அந்த முடிச்சு ஒன்றுதான். கடலுக்குப் போனவரில்லை. குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை; நாள் முழுக்க மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம். மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் வீட்டுக்காரரை.

அவர் பாஸ்கெட்பால் ஆடியதே இல்லை. ஆனால் கடலூர் டீம் எங்கே ஆடினாலும், ஷிப்டை மாற்றிக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு வருஷமும் சிதம்பரத்தில் ஒரு டோர்னமென்ட் நடக்கும். ஒவ்வொரு வருஷமும் எங்கள் டீம் செமி ஃபைனல் வரைக்கும், சில வருஷம் ஃபைனல் வரைக்கும் வந்து தோற்கும். தோற்றது என்று மாமா ஒருநாளும் சொன்னதில்லை. “தோக்கடிச்சிட்டானுவோ” என்பார். விசில் ஊதியது தப்பு, ஊதாமல் விட்டதும் தப்பு, இல்லாத ஃபவுலைக் கொடுத்தான், இருந்த ஃபவுலை விழுங்கினான். மறுநாள் காலை இட்லி ஆறும்வரை இந்தப் பட்டியல் நீளும். “இந்த மனுஷன் ரெஃப்ரிய திட்டுற நேரத்துல பாதிய எங்கிட்ட பேசியிருந்தா எங்க குடும்பம் எங்கயோ போயிருக்கும்” என்பாள் அக்கா. நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஆட்டத்தின் விதிகள் எனக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு முறையும் என்னைச் சாட்சிக்கு இழுப்பார். பாதி தடவை நடுவர் செய்தது சரியாகத்தான் இருக்கும். அதைச் சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு வருஷம் செமி ஃபைனலில், நேரம் முடிந்த பிறகு சிதம்பரத்துக்காரர்கள் போட்ட கூடையைக் கணக்கில் சேர்த்து எங்களைத் தோற்கடித்தார்கள். மாமா வேலியைத் தாண்டிப் போய் இந்த வாட்சை நடுவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். “உங்க வாட்ச்லாம் கணக்குல வராதுங்க, வெளிய போங்க” என்று நடுவர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் மாமா தன் வாசகத்தைக் கண்டுபிடித்தார்: “கடியாரம் பொய் சொல்லாது. அத்தப் புடிச்சிருக்கறவன்தான் சொல்லுவான்.” அதற்குப் பிறகு அதைச் சொல்லாமல் அவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே மைதானத்தில், அதே சிதம்பரம் டீமோடு ஃபைனல். இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவது அங்கே வழக்கம். கடலூர் சார்பில் நான். கடைசி நான்கு நிமிடம் பாக்கியிருக்கும்போது கரண்ட் போய், எலக்ட்ரிக் கடியாரம் அணைந்துவிட்டது. நேரம் பார்ப்பவர் செல்போனைத் தேடினார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா, “இன்னாத்துக்கு செல்போனு? இங்க இருக்குது” என்று வாட்சைத் தூக்கிக் காட்டினார். ஆனால் யாரிடமும் கழற்றிக் கொடுக்க மாட்டேன் என்றார். சிதம்பரம் டீமின் செயலாளர் சிரித்துவிட்டார். “வருஷா வருஷம் எங்க கடியாரத்தத் திட்டுறவரு. அவரே உக்காரட்டும், அப்பவாவது வாய மூடுவாரு.” நடுவரும் சரி என்றார். மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான்கு நிமிடத்திலிருந்து இறங்கி வருகிற மாதிரி வாட்சை வைத்தார். அவ்வளவு ஒழுங்காக யாரும் நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தால் உடனே கடியாரத்தை நிறுத்த வேண்டும். பந்தை மறுபடி உள்ளே போட்ட பிறகுதான் ஓடவிட வேண்டும். மாமாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். பதினான்கு விநாடி இருந்தது, நாங்கள் ஒரு பாயின்ட் பின்னால். எங்கள் பையன் ஒருவன் பக்கவாட்டிலிருந்து எறிந்தான். விழுந்தது. மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். வாட்ச் கழுத்தில் தொங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன்: பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று. எட்டு வந்தபோது பந்தை உள்ளே போட்டார்கள். அப்போதுதான் மாமா குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியதையும் பார்த்தேன். சிதம்பரத்துப் பையன் கூடைக்குக் கீழே போய் எழும்பினான். வாட்ச் கீச்சிட்டது. அதற்குப் பிறகு அவன் கையிலிருந்து போன பந்து, வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

மைதானமே மேசையைச் சூழ்ந்துகொண்டது. சிதம்பரத்து உரக்கடைக்காரர் ஒருவர் செல்போனில் தான் ஓடவிட்டிருந்த ஸ்டாப் வாட்சை நீட்டி, “அவரு நிறுத்தவே இல்லைங்க, பாருங்க” என்று கத்தினார். “செல்போன்லாம் கணக்குல வராதுங்க” என்று நடுவர் அவரைத் தள்ளிவிட்டு மாமாவிடம் திரும்பினார். “நேரம் சரியா நிறுத்துனீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். நான் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் கடலூர்க்காரிதான், அத்தனை வருஷத்துத் தோல்வி எனக்கும் வலித்திருந்தது.

“சரிதான்” என்றார் மாமா.

அந்தக் கூடை கணக்கில் சேரவில்லை; ஸ்கோர் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். பையன்கள் பஸ் முழுக்க ஆடிக்கொண்டு வந்தார்கள். மாமா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடலூரில் இறங்கியதும் வாட்சைக் கழற்றி என் கையில் வைத்தார். “நீ வச்சிக்கம்மா. எனக்கு ஷிப்ட் ஜாஸ்தியாப் போச்சி.” அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. யாராவது நடுவரைத் திட்டினால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இப்போது அதே டோர்னமென்டில் நான்தான் நேரம் பார்க்கிறேன். எலக்ட்ரிக் கடியாரம் இருந்தாலும் இந்த வாட்சும் மேசையில் இருக்கும். இந்த வருஷமும் எங்கள் டீம் செமி ஃபைனலில் தோற்றது, சுத்தமாகத் தோற்றது. திரும்பி வந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா ஸ்கோரைக் கேட்கவில்லை. எந்த வருஷமும் கேட்பதில்லை. என் பையிலிருந்து வாட்சை எடுத்து, தேய்ந்த பட்டனைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“அந்த உரக்கடக்காரரு வந்திருந்தாரா?”

“வந்திருந்தாரு மாமா.”

“இன்னும் என்னைத் திட்டுறாரா?”

“திட்டுறாரு. கடலூரான் ஆறு செகண்டு திருடிட்டான்னு, இந்த வருஷமும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

மாமா பட்டனை ஒருமுறை அழுத்தி ஓடவிட்டார். உடனே நிறுத்தினார். பச்சை நூலைச் சுற்றி என்னிடம் நீட்டினார்.

“அவரு வாட்ச்சு சரிதான்” என்றார்.