ஏரிக்கரைப் பாதையில் ஒரு மணிச்சத்தம்

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டு வேலை செய்யும் எங்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. அன்று, நகருக்கு மேலே மலைகளுக்கிடையில் இருக்கும் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டப் போவேன். வாகனமே வராத சரளைக்கல் பாதை அது.

ஒருநாள் வளைவொன்றில் ஓர் அம்மா எதிரே சைக்கிளில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, காலில் வெள்ளைச் சப்பாத்து. ஆளில்லாத பாதையில் ஓயாமல் மணி அடித்துக்கொண்டு வந்தார். நான் என் வலப்பக்கம் ஒதுங்கினேன். அவர் தன் இடப்பக்கம் ஒதுங்கினார். சில்லும் சில்லும் முட்டாத குறையாக பிரேக் பிடித்து நின்றோம்.

“அக்கா, இஞ்சை வலப்பக்கமாத்தான் ஓட வேணும்.”

“ஓம் தம்பி, தெரியும். கை ஊரிலை பழகின பக்கத்துக்கெல்லோ போகுது! ரவுணுக்குள்ளை, வாகனங்களுக்கு நடுவிலை ஓடப் பயம். இஞ்சை ஒருத்தரும் வாறேல்லை எண்டுதான் பழகிறன்.”

“நான் வந்தனே?”

“அதுக்குத்தானே மணி அடிக்கிறன்!” என்றவர், மிதியில் கால் வைத்தபடி சொன்னார்: “பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு அலுத்துப்போச்சு. ஒருநாள் வேலைக்கு இதிலைதான் போவன்.”

அடுத்த வியாழன் அதே வளைவுக்கு அப்பால் மணி கேட்டது. அவருக்கு வழிவிடலாம் என்று இடப்பக்கம் மாறினேன். அவரோ பல்லைக் கடித்துக்கொண்டு தன் வலப்பக்கத்தைப் பிடித்து வந்தார். மறுபடியும் நேருக்கு நேர் நின்றோம்.

“தம்பி, இஞ்சை வலப்பக்கமாத்தான் ஓட வேணும்,” என்றார்.

இப்போது ஏரிக்கரையில் அவரைக் காண்பதில்லை. நகரத் தெருவில் சைக்கிள் மணி ஓயாமல் கேட்டால், வலப்பக்க ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.