கலோரி அலமாரிக்குப் பின்னால் ஒரு குரல்

டயட் அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை சுலபம்தான். பசியோடு வருகிறவர்களுக்குக் கலோரி எண்ணைக் காட்டி அனுப்பிவிட வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பொடி எழுத்தை உற்றுப் பார்த்துக் கண் எரிந்தவர்களே, உங்களுக்கு இது புரியும். பிளஸ் டூ முடித்த லீவில் காரைக்காலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. லேபிள் படிக்க அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மேனேஜர், பில் போடுகிற அக்கா, பால் வண்டிக்காரர் என்று எல்லார் குரலையும் நானாகவே கற்றுக்கொண்டேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து மேனேஜர் குரலில் "யாரும்மா அங்க சும்மா நிக்கிறது?" என்று கேட்டால், மேனேஜரே ஒரு நிமிஷம் நிமிர்ந்து நிற்பார்.

மத்த நாலு பேர்

சுரக்குடியிலிருந்து ஒரு ரிட்டயர்டு தபால்காரர் வருவார். தொண்ணூறு கலோரிதான் என்று படித்துவிட்டு தினமும் ஒரு பாக்கெட் டயட் பிஸ்கட்டை முழுசாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கம்பெனிக்காரர் குரலை எடுத்துக்கொண்டு, "சார், தொண்ணூறுங்கிறது ஒரு ஆள் ஒரு தடவை சாப்பிடுறதுக்கு சார். அதாவது நாலு பிஸ்கட். பாக்கெட்ல அஞ்சு பேருக்கு இருக்கு சார். மொத்தம் நானூத்தி அம்பது" என்று விளக்கினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து வெறும் கவரோடு வந்தார். கோபமாக இல்லை. என் பக்கத்தில் வந்து, குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்: "நீ சொன்ன மாரி நாலுதாம்மா தின்னேன். மூடி வச்சிட்டுப் படுத்தேன். காலையில பாக்கெட் காலி. வீட்ல நான் ஒருத்தன்தான். அப்ப மத்த நாலு பேரு யாரு?"

எடை சொல்லும் மெஷின்

வாசலுக்கு உள்ளே ஒரு எடை மெஷின் உண்டு. ஏறி நின்றால் ஒரு பெண் குரல் எடையைச் சொல்லும். அந்தக் குரலுக்கு மூச்சு கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு பேசினால் அப்படியே வந்துவிடும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்தேன். ஒரு காலேஜ் அக்கா தனியாக ஏறி நின்றபோது ஓட்ஸ் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து, "தயவுசெய்து ஒருவர் மட்டும் ஏறவும்" என்றேன். அவர் மெதுவாகத் தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அன்று சிரிப்பில் சாப்பாடு இறங்கவில்லை.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அக்காவிடமும் இதே விளையாட்டுத்தான்; லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சர்க்கரை ஆரம்பம். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரிக்கு மேல் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்திருந்தார்கள். துபாயில் இருக்கும் அவர் மச்சான், அதாவது வீட்டுக்காரர், லீவில் வருவதற்குள் உடம்பைக் குறைத்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமை தோறும் எடை பார்க்க வருவார். மெஷின் "எழுபத்திரண்டு கிலோ" என்றது. நான் அதே குரலில், "இன்னும் குறைக்கவும்" என்றேன். லாத்தா திடுக்கிடவில்லை, சிரிக்கவும் இல்லை. மெஷினின் முகத்தைப் பார்த்து மரியாதையாகப் பதில் சொன்னார்: "சரிங்க. அடுத்த வாரம் குறைச்சுட்டு வர்றேன்."

திறக்காத கதவு

குறைத்துக்கொண்டுதான் வந்தார். அறுபத்தொன்பது. அறுபத்தாறு. ஒவ்வொரு தடவையும் நானும் அதே குரலில் அதையே சொன்னேன். மோதிரம் கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றியிருந்தார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. நாலாவது வியாழன் மெஷின் "அறுபத்து மூன்று" என்றதும் நான் வாயைத் திறக்கவில்லை. லாத்தாவும் இறங்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றுகொண்டே இருந்தார். என் குரலுக்குத்தான் காத்திருக்கிறார் என்று புரிந்தது. அவர் இறங்கினால் போதும் என்று, மூச்சை அடக்கி, "இன்னும் குறைக்கவும்" என்று சொல்லிவிட்டேன். உடனே இறங்கிவிட்டார்.

அன்று அவர் வந்தபோது கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கவில்லையாம். வாட்ச்மேன் அண்ணன்தான் எழுந்து போய்க் கையை ஆட்டித் திறந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் அசையாம ஒரு நெழலு நின்னுச்சு பாப்பா. ஆளுன்னு எனக்கே தோணல, கதவுக்கு எப்படித் தோணும்?"

முதல் எண்

அடுத்த வியாழன் மத்தியானம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியது. ஃப்ரீசர் சத்தம் நின்றதும் கடையே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. இருட்டில் என் அலமாரிக்கு முன்னால் ஒரு செல்போன் வெளிச்சம். அதற்கு மேலே லாத்தாவின் முகம். கன்னம் இருந்த இடத்தில் பள்ளம். மச்சான் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்த டயட் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"இதவிடக் கம்மியா ஏதும் இருக்கா புள்ள? நாலு பிஸ்கட்டே ஐநூறு வருது. எட்டு தின்னா ஆயிரம் ஆயிருது. மிச்சத்துக்கு வெள்ளரிக்காயும் பால் ஊத்தாத தேத்தண்ணியும்."

"சோறு, லாத்தா?"

"சோத்துக்கு நம்பர் போடலையே. அத எப்படி நம்பித் திங்கிறது?"

வாங்கிப் பார்த்தேன். ஐநூறு என்று முதலில் இருந்தது கிலோஜூல், அதே சக்தியைச் சொல்லும் வேறொரு அளவு. அதற்குப் பிறகு, கோடு போட்டு, பொடியாக நூற்று இருபது என்று இருந்ததுதான் கலோரி. நம்மூர் பாக்கெட்டில் பெரும்பாலும் கலோரி மட்டும்தான் இருக்கும். வெளிநாட்டுப் பாக்கெட்டில் இரண்டும் போட்டிருப்பார்கள்; முதல் எண்ணை ஏறக்குறைய நாலால் வகுத்தால்தான் இரண்டாவது வரும். ஆயிரத்து இருநூறு சாப்பிட வேண்டியவர் ஒரு மாசமாக முந்நூறுகூடச் சாப்பிடவில்லை. அதுவும் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு.

சொன்னேன். எண்ணைத் தொட்டுக் காட்டினேன். லாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"இல்ல புள்ள. மெஷினு வாராவாரம் இன்னும் கொறைக்கத்தானே சொல்லுது?"

வேறு வழியில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு, "இன்னும் குறைக்கவும்" என்றேன். அந்த இருட்டில் அது என் வாயிலிருந்து வருவது எனக்கே பயமாக இருந்தது. லாத்தா கையை நீட்டி என் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஐஸாக இருந்தது. அறைவார் என்று நினைத்தேன். அடி வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பழக்கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றதும் நிமிர்ந்து கேட்டார்: "அப்ப இத்தினி நாளா எனக்குப் பசிச்சது நெசந்தானா புள்ள?"

அவரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட்ட அன்றிலிருந்து, யார் கலோரி கேட்டாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்து என் சொந்தக் குரலில்தான் சொல்கிறேன், அந்தக் குரலைத்தான் கடையில் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.