திங்கட்கிழமைக் குளிசை

முதலில் நொந்தது கெண்டைக்கால். கந்தசஷ்டி விரதம் முடித்துப் பாறணை செய்த மூன்றாம் நாள் அது. வரம்பு கட்டிய அலுப்பாக்கும் என்று விட்டேன். பின்னேரம் காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது. இரண்டு பனடோலைப் போட்டு, மல்லித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். வயலில் இறங்குகிறவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் படுக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் போகவில்லை. கண் மஞ்சளாகி, சலம் (சிறுநீர்) நின்ற பிறகுதான் மனைவி ஓட்டோ பிடித்தாள். கரவெட்டியிலிருந்து பருத்தித்துறை, அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணம். எலிக்காய்ச்சல் (எலியின் சலம் கலந்த வெள்ளத்திலிருந்து, கால் வெடிப்பு வழியாக உடம்பில் ஏறும் கிருமி நோய்) என்றார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்தியிருந்தன.

"ஐயா, உங்களுக்குத் தடுப்புக் குளிசை தரேல்லையோ?" என்று டொக்டர் கேட்டார்.

தந்தார்கள். விரதத்தின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து எனக்கும் மனைவிக்கும் அந்த மாத்திரையைத் தந்தார். கிழமைக்கு ஒருதரம், திங்களுக்குத் திங்கள், சாப்பிட்ட பிறகு போட வேண்டும், இன்றைக்கே தொடங்குங்கள் என்றார். நானோ இளநீரோடு இருந்தேன். வெறும் வயிற்றில் குளிசையா? சூரன்போர் முடியட்டும் என்றேன். மனைவி ஏதோ சொல்ல வந்தாள். விரதகாரனுக்குப் புத்தி சொல்ல வராதே என்று ஏசினேன். ஏசுவதில் நான் கெட்டிக்காரன்.

பாறணை அன்று வயிறு முட்டச் சாப்பிட்டேன். ஆனால் அது வியாழக்கிழமை. திங்கட்கிழமைக் குளிசையை வியாழன் போடலாமா என்று ஒருவரையும் கேட்கவில்லை. அடுத்த திங்கள் வருமுன் காய்ச்சல் வந்துவிட்டது.

இதைச் சொன்னதும் டொக்டர் சிரிக்கவும் மாட்டாமல் கோபிக்கவும் மாட்டாமல் நின்றார்.

"இரண்டு வாழைப்பழத்தோடை போட்டிருக்கலாம் ஐயா. முருகன் கோவிச்சிருக்கமாட்டார்."

மூன்று தரம் டயலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது) செய்தார்கள். பிழைப்பேனா என்று கேட்டேன், பார்ப்போம் என்றார்கள். எனக்குச் சரியான பயம். காலையில் தாதி வந்து, சலம் போனதா என்று மட்டும் கேட்பார். ஒன்பதாம் நாள் போத்தலில் அரைக் கோப்பை தேத்தண்ணீர் அளவு சேர்ந்தது. மனைவி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அழுதாள். அதற்குப் பிறகு இயந்திரம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து நான்கு மாதம். மண்வெட்டியால் பத்துக் கொத்துக் கொத்தினால் வரம்பில் குந்திவிடுகிறேன். என் நாளை இப்போது உடம்புதான் பிரிக்கிறது: குடித்த தண்ணீர் சலமாகப் போகும்வரை ஒரு பொழுது, போன பிறகு அடுத்தது. முன்பெல்லாம் இதை நான் கவனித்ததேயில்லை.

போன கிழமை மனைவியிடம் கேட்டேன். அவளும் என் பக்கத்தில் அதே வெள்ளத்தில் நின்று களை பிடுங்கியவள், அதே விரதம் இருந்தவள். உனக்கு ஏன் வரவில்லை என்றேன். மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் அண்டைக்கே குசினிக்குள்ளை ஒரு பிடி சோறு திண்டிட்டுக் குளிசையைப் போட்டனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா ஏசுவியள்."

அவள் சொன்னது சரி. ஏசித்தான் இருப்பேன்.