மாமனார் வீட்டுப் பாக்கெட் கடிகாரம்

வணிக வளாகத்தில் எஸ்கலேட்டருக்கு அடியிலிருக்கும் குட்டிக் கடையில் கடிகாரம் பழுதுபார்ப்பவள் அவள். வருவதில் பாதி பேட்டரி மாற்றும் வேலை என்பதால் ‘பேட்டரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கைக்காவது ஓய்வு உண்டு, வாய்க்குக் கிடையாது. மாமனார் போட்ட வாட்ச் என்று ஒரு மாப்பிள்ளை பெருமையாக நீட்டினால், சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, “டூப்ளிகேட் சார்” என்பாள்.

அதனால்தான் மேல்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், அவளை முதல்முறை தன் வீட்டுக்கு அழைத்துப்போனபோது வாசலிலேயே கெஞ்சினான்.

“அப்பா சரின்னாத்தான் நம்ம கல்யாணம். பாக்கெட் கடிகாரத்தை எடுத்து நீட்டுவார். தயவுசெஞ்சு வாயைத் திறக்காதே.”

“கொட்டாவி வந்தா?”

“முழுங்கிடு.”

அப்பா எடுத்தார். வெல்வெட் துணிக்குள்ளிருந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவது மாதிரி.

“எங்க கொள்ளுத்தாத்தாவோடது. பின்பக்கம் வருஷமே போட்டிருக்கு பாரும்மா, 1884!”

அவள் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தாள். 1884 வருஷமே இல்லை, கடிகாரத்தின் வெளிக்கூட்டுக்குப் போட்ட வரிசை எண். நல்ல கடிகாரத்தில் சக்கரங்கள் தேயாமலிருக்கப் பதிக்கும் சிவப்புக் கல் உள்ளே ஒன்றுகூடக் கிடையாது. தகட்டில் அச்சடித்து எடுத்த மலிவு எந்திரம். முகப்பில் பிளாஸ்டிக். முட்களில் இருட்டில் ஒளிரும் பச்சைப் பூச்சு. கொள்ளுத்தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்துப் பிறந்த சரக்கு.

நிமிர்ந்தாள். சமையலறை வாசலில் அவன் அம்மா, கைத்துண்டைக் கயிறாகத் திரித்தபடி வெளிறி நின்றிருந்தார்.

“என்னம்மா, சரியா எந்தக் காலத்துது?” என்றார் அப்பா.

கண்ணாடிக் கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

“உடனே சொல்லிட முடியாது மாமா. இதையெல்லாம் நிதானமா, பல தடவை பாக்கணும்.”

“அவ்வளவு நுணுக்கமா?”

“பின்னே? சும்மா கடைத்தெரு சாமானா இது? நான் அடிக்கடி வர வேண்டியிருக்கும்.”

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “அடிக்கடி என்ன வர்றது? இங்கேயே வந்து இரு! டேய், நாள் பாருடா!”

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அம்மா கதவைச் சாத்தினார்.

“அசலை நான்தான் அவர் சட்டையோட சேத்து ஊற வெச்சுட்டேன். பயந்துபோய்ப் பழைய சாமான் கடையில இதை வாங்கி வெச்சேன். கண்டுபிடிச்சுட்டே, இல்ல?”

“எதை அத்தை?”

“அடி கள்ளி!”

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. அந்த வீட்டில் அவள் எத்தனை மணிக்கு எழுந்தாலும் அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமா மட்டும் அவ்வப்போது லென்ஸையும் கடிகாரத்தையும் கொண்டுவந்து நீட்டுவார். அவளும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஆராயணும் மாமா” என்பாள்.